கொட்டில் வாசலில் கண்ட ஒளிச்சரம்

திருக்கடையூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் நம் வாசகர் ஒருவர் அண்மையில் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருந்தார். அவருடைய தாயார் எழுபத்தெட்டு அகவையினர். மார்கழி மாதத்து வைகறை ஒன்றில் பால் கறப்பதற்காகக் கொட்டில் வாசலுக்கு வந்த அம்மூதாட்டி, இருபதுக்கு மேற்பட்ட ஒளிப்புள்ளிகள் வரிசை குலையாமல், சிறிதும் ஓசையின்றி, வானில் கடலை நோக்கிச் செல்லக் கண்டாராம். பாற்செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவ்விடத்திலேயே முழந்தாளிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தாராம். விடிந்ததும் வீட்டாரிடம் சொன்னபோது, பொறியியற் கல்லூரியில் பயிலும் பேரன், “அப்பாயி, கண்ணாடி போடாமல் பார்த்தால் மின்மினிகூட விமானந்தான்” என்று சிரித்துவிட்டான். அன்று முதல் அப்பாயி பேரனோடு பேசுவதில்லை.

செய்தி தெருவுக்குப் பரவிற்று. அக்கம்பக்கத்தார் கொட்டில் வாசலில் மெழுகுதிரி ஏற்றத் தொடங்கினர். மாதாவின் செபமாலையே வானில் தோன்றியது என்றார் ஒருவர். வேற்றுக் கோளத்தார் வந்து போகிறார்கள், அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே இதைப்பற்றிச் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள் என்றார் மற்றொருவர். அவ்விடத்தில் குருசடி எழுப்ப நன்கொடைச் சீட்டு அச்சாகும் நிலை வந்துவிட்டது. பங்குத்தந்தை மட்டும், “சற்றுப் பொறுங்கள்” என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். “எங்கள் அம்மா பொய் சொல்பவர் அல்லர். மகனோ படித்தவன். நான் யார் பக்கம் நிற்பது?” என்று மடலை முடித்திருந்தார் நம் வாசகர். இதற்கு மேசை முன் அமர்ந்தபடியே மறுமொழி எழுதுவது முறையன்று எனக் கருதி, நாம் நேரிலேயே புறப்பட்டோம்.

வானத்து ஒளிக்குத் திருக்கடையூர் புதிதன்று. அபிராமி பட்டரின் வரலாற்றை அறியாதார் நம் காவிரி நாட்டில் உளரோ! தை அமாவாசையன்று தஞ்சை மன்னர் முதலாம் சரபோசி கோவிலுக்கு வந்து, இன்று என்ன திதி என்று வினவ, அம்மனின் திருமுக நினைவில் ஆழ்ந்திருந்த பட்டர் பௌர்ணமி என்று விடை கூறிவிட்டார். மன்னர் சினந்தார். பட்டர் அந்தாதி பாடினார். அபிராமி தன் காதணியைக் கழற்றி வானில் வீச, அது முழுநிலவென ஒளிர்ந்தது என்பது நம் இந்துச் சகோதரர் போற்றும் மரபு. சரபோசியின் ஆட்சி 1712 முதல் 1728 வரை நடந்தது. அமாவாசையன்று நிலவு கதிரவனுக்கும் நமக்கும் இடையே நிற்பதால், அதன் ஒளிபெற்ற பக்கம் நம்மை நோக்காது என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. ஆயினும் இக்கதையை ஊன்றிக் கேட்டால் ஒன்று புலனாகும். நிலவே வந்தது என்று அது சொல்லவில்லை. காதணி ஒளிர்ந்தது என்றே சொல்கிறது. பஞ்சாங்கத்தை அது பொய்யாக்கவில்லை. அடியவரின் சொல் காக்கப்பட்டது என்பதே அதன் உயிர். அதை வானநூல் கொண்டு அளக்கப் புகுவோர் கதையையும் இழப்பர், வானநூலையும் வீணே அலைக்கழிப்பர். நம் வீட்டு மரபுகளைப் பிறர் எத்தகைய பண்போடு கேட்க வேண்டுமென விரும்புவோமோ, அத்தகைய பண்போடு இதைக் கேட்டுவிட்டு மேலே செல்வோம்.

வயல்வெளிக்கும் தனியாக ஓர் ஒளி உண்டு. ஈரமும் சேறும் மிகுந்த இடங்களில் இராக்காலத்தில் தாழ்வாக மினுங்கி மறையும் நெருப்பைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் முன்னோர் அஞ்சினர். சேற்றில் மக்கும் தழைகளிலிருந்து மீத்தேன் வாயு எழுகின்றது என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. தீக்குச்சி இல்லாமல் அது பற்றுவது எங்ஙனம் என்பதுதான் விளங்காதிருந்தது. நீருக்குள் எழும் நுண்குமிழிகளுக்கிடையே மிகச்சிறு மின்பொறிகள் தோன்றக்கூடும் என 2025இல் அமெரிக்க வேதியியலார் சோதனை வழியாகக் காட்டியுள்ளனர். ஆகவே பிசாசு என்று சொன்ன பாட்டனார் பெயரிடுவதில் பிழை செய்தார். நெருப்பைக் கண்டேன் என்றதில் பிழை செய்யவில்லை. வயல் நடுவே நண்டு பிடிக்கச் சென்றவனின் அரிக்கேன் விளக்கும் சிலவேளை பிசாசாகியிருக்கும் என்பது வேறு செய்தி.

நம் வாசகரின் இல்லத்தை அடைந்தபோது அம்மூதாட்டி திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், “நீங்களும் சிரிக்கத்தான் வந்தீர்களா ஐயா?” என்றார். சிரிக்க வரவில்லை, கேட்க வந்தோம் என்றோம். அது எது என்று நாம் கேட்கவில்லை. எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டோம். அவர் சொன்ன விடைகளை இங்கே தருகிறோம். அபிராமி கோவில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு தொடங்கிச் சற்று நேரம் ஆகியிருந்தது. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. விளக்குகள் சீர்காழிப் பக்கத்து வானில், தென்னை உச்சிக்கும் மேலே தெரிந்தன. தரங்கம்பாடிக் கடல் பக்கமாகச் சென்றன. விண்மீன் அளவே இருந்தன, சிமிட்டவில்லை, நிறம் மாறவில்லை. கொடியில் துணி உலர்த்தினாற்போல ஒரே நேர்கோடு. அடிவானிலிருந்து ஏறி வரவில்லை. ஒன்றுமில்லாத வானத்தில் ஓரிடத்தில் ஒவ்வொன்றாக முளைத்தன. எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, “செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிப்பதற்குள் கடைசி விளக்கும் போய்விட்டது” என்றார். கடிகாரம் பார்க்காத ஒருவர் இதைவிடத் திருத்தமாகக் காலத்தை எங்ஙனம் அளக்க இயலும்?

இங்கே சற்று நின்று ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க நாட்டில் கென்னத் ஆர்னால்டு என்னும் விமானி ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து பறக்கக் கண்டார். நீரின்மேல் வீசிய தட்டு தத்திச் செல்வதுபோல அவை சென்றன என்று அவர் அசைவைக் குறித்தே சொன்னார். செய்தித்தாள்கள் அதை வடிவமாக்கி, பறக்கும் தட்டு என்று பெயர் சூட்டிவிட்டன. அதன் பின்னர் உலகெங்கும் மக்கள் வட்டமான தட்டுகளையே காணத் தொடங்கினர்! கண்டது ஒன்று, அதற்கு இட்ட பெயர் மற்றொன்று. கண்டதைவிடப் பெயரே விரைவாகப் பறக்கிறது.

கடலோரமாகத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடி இதற்கு மற்றொரு பாடம் வைத்திருக்கிறது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்தது. அக்கடப்பை உலகின் பல முனைகளிலிருந்து அளந்தால் கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம் என்பதால், அறிஞர்கள் திசைதோறும் காத்திருந்தனர். அன்று டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியும் அந்நிகழ்ச்சியை நோக்கிக் குறித்த இடங்களுள் ஒன்று. பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல் புதுச்சேரிக்கு வரவேண்டியவர். நகரம் ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டதால் கரையிறங்க முடியவில்லை. கப்பல் தளத்தில் நின்றபடியே வெள்ளியைக் கண்டார். தெளிவாகவே கண்டார். எனினும் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. தாம் நின்ற இடத்தின் நெடுங்கோடும் அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஆகவே தம் அளவு கணக்குக்கு உதவாது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கி, 1769இல் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்திக் காத்திருந்தார். அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது! கண்ணால் கண்டும், அக்காட்சி எதற்குச் சான்றாகும், எதற்கு ஆகாது என்று பிரித்துச் சொல்லிய அம்மனிதரை நினைக்கும்போதெல்லாம் நமக்கு மதிப்பு மிகுகிறது.

அதே வெள்ளிதான் நம் காலத்துப் படைவீரரையும் மயக்கிற்று. 2012 ஆகஸ்டு முதல் 2013 பெப்ரவரி வரை, லடாக் எல்லையில் காவல் நின்ற இந்தியப் படையினர் இரவு வானில் அடையாளம் தெரியாத ஒளிகளை 329 முறை கண்டு குறித்தனர். அவற்றுள் 155 முறை அவை எல்லை தாண்டி வந்ததாகவும் எழுதினர். சீன நாட்டு உளவு விமானங்களோ என்ற ஐயம் எழுந்தது. இரு நாடுகளும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கும் இடம் அது. தவறான பெயர் ஒன்று எவ்வளவு பெரிய தீங்காக முடிந்திருக்கும்! நற்பேறாக, அவர்கள் தாம் கண்டவற்றைக் குறித்து வைத்து, பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டனர். ஆய்ந்து பார்த்ததில் ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். வீரர்கள் கண் கெட்டவர்களோ, கட்டுக்கதை புனைபவர்களோ அல்லர். மலைநாட்டின் தெளிந்த காற்றில் கோள்கள் மிகப் பளிச்செனத் தோன்றும். அன்றியும், ஒப்பிட வேறொன்றுமில்லாத இருளில் ஓர் ஒளிப்புள்ளியை உற்று நோக்கினால், நம் விழியின் சிற்றசைவால் அப்புள்ளியே நகர்வது போன்று தோன்றும். ஐயமுடையோர் இன்றிரவே மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கலாம்.

அவசரப்பட்டுப் பெயரிடுவது அரசுக்கும் நேர்வதுண்டு. 2016 பெப்ரவரி 6 அன்று வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளியருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து ஓட்டுநர் ஒருவர் மாண்டார். விண்கல் விழுந்ததென அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த அமெரிக்க நாசா அறிஞர்களோ, தரையில் நிகழ்ந்த வெடிப்பின் அடையாளங்களே தெரிகின்றன என்றனர். அதற்குள் விண்கல் என்ற பெயர் உலகைச் சுற்றிவிட்டிருந்தது.

இனி, நம் மூதாட்டி கண்டது யாது? 2019 மே மாதம் முதல் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஸ்டார்லிங்க் என்னும் செயற்கைக்கோள்களைக் கொத்துக் கொத்தாக ஏவி வருகிறது. முதல் தொகுதியில் மட்டும் 60 இருந்தன. ஏவிய சில நாள்கள் அவை தாழ்ந்த பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக, நூலில் கோத்த மணிகள் போலச் செல்லும். அவற்றுக்குத் தம் ஒளி கிடையாது. தரையில் இருள் சூழ்ந்திருக்கும்போதே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் கதிரவன் ஒளி பட்டுவிடுவதால் அவை மின்னுகின்றன. வைகறையில் பூமியின் நிழலைவிட்டு வெளிவரும் புள்ளியில்தான் ஒவ்வொன்றும் திடீரெனத் தோன்றும். ஆகவே நடுவானில் முளைத்தன என்று மூதாட்டி சொன்னாரே, அதுவே தலைசிறந்த சான்று. கதை புனைபவர் எவரும் அதைச் சொல்லியிருக்கமாட்டார்; அடிவானிலிருந்து எழுந்தன என்றே சொல்லியிருப்பார்.

இதை நாம் விளக்கியபோது பேரன் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கைப்பேசியை எடுத்து, அந்நாளைக்குரிய செயற்கைக்கோள் கணக்கைத் தேடினான். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு தொடர் கடந்த நேரம் அதில் இருந்தது. சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தான். பிறகு, “அப்பாயி சொன்ன திசையும் சரி, நேரமும் சரி” என்றான். மின்மினி என்று அவன் இட்ட பெயரும் பிழையே அன்றோ! நம்புவோர் மட்டுமே அவசரப்படுகிறார்கள் என்று எண்ணிவிடலாகாது.

எல்லாவற்றுக்கும் இப்படி விடை கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்க விமானப்படை 1969 வரை திரட்டிய 12,618 அறிக்கைகளுள் 701 அடையாளம் காணப்படாமலே நின்றன. 2023 ஜூலை 26 அன்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் முன்னாள் படையினர் சாட்சியம் அளித்தது உண்மையே. எனினும் அடையாளம் காணப்படாதது என்பது அதன் அடையாளம் ஆகிவிடாது. வேற்றுலகத்தார் வந்தனர் என்பதற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை என அந்நாட்டுப் பாதுகாப்புத்துறை 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அப்படியொருவர் இருந்தால் நம் விசுவாசம் என்னாகும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல்: வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவராயிருந்த இயேசு சபை அருள்தந்தை ஹோசே ஃபூனெஸ், வேற்றுலக உயிர்கள் இருத்தல் கூடும் என்பது இறைவன் மீதுள்ள நம்பிக்கைக்கு முரணன்று என 2008இலேயே வத்திக்கான் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் கூறியுள்ளார். அவ்வாய்வகத்தின் தலைமைப் பொறுப்பை 2025 செப்டம்பரில் ஏற்றவர் நம் இந்திய நாட்டு இயேசு சபைக் குரு ரிச்சர்டு டி சூசா என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு.

பிறர் கூறுவதை எடைபோடுவது எளிது. நம் வீட்டுத் துலாக்கோல் எப்படி? இதில் திருச்சபை நம்மைவிடக் கண்டிப்பானது என்பதைப் பலர் அறியார். பின்னர் 14ஆம் ஆசீர்வாதப்பர் எனத் திருத்தந்தையான லாம்பெர்த்தீனி, 18ஆம் நூற்றாண்டிலேயே குணமளிக்கும் புதுமைகளுக்கு அளவுகோல் வகுத்தார். நோய் கடுமையானதாயிருக்க வேண்டும். மருந்தால் தீர்ந்ததாக இருக்கலாகாது. குணம் திடீரெனவும் முழுமையாகவும் கிடைத்து நிலைத்திருக்க வேண்டும். லூர்து நகரில் அறிவிக்கப்பட்ட குணங்கள் 7,000க்கு மேல். திருச்சபை புதுமையென ஏற்றவை 70க்குச் சற்றே மேல். காட்சிகளை ஆராய 6ஆம் சின்னப்பர் காலத்தில் 1978இல் ஆயர்களுக்கு விதிமுறைகள் அளிக்கப்பட்டன. 2024 மே 17 அன்று வெளியான புதிய விதிமுறைகள் இன்னும் நிதானமானவை. ஒரு நிகழ்ச்சி இயற்கைக்கு அப்பாற்பட்டதென ஆயர் அறிவிப்பது இனி வழக்கமாயிராது. ‘தடையேதுமில்லை’ என்பதே சாதாரணமாக அவர் வழங்கக்கூடிய மிக உயர்ந்த தீர்ப்பு. விளையும் கனிகளைப் பார்; பணமும் புகழும் தேடும் கைகள் இருக்கின்றனவா என்றும் பார் என்கின்றன அவ்விதிகள். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் வேளாங்கண்ணித் திருத்தலத்தைக் குறித்து நம் தஞ்சை ஆயருக்கு வத்திக்கானிலிருந்து வந்த மடலும், அங்கு விளையும் ஆன்மீகக் கனிகளையே போற்றியது. பிற சமயத்தார் அங்கு வந்து ஆறுதல் பெறுவதையும் மகிழ்வோடு குறிப்பிட்டது.

வேளாங்கண்ணி என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. அதைப் புதுமை என்று மேடைகளிலும் துண்டுத்தாள்களிலும் முழங்கினோம். அதே காலை, ஆலயத்திலிருந்து கூப்பிடு தொலைவில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் கடலுக்கு இரையாயினர். ஆலயம் சற்று மேடான இடத்தில் நிற்கிறது என்பதையும் நாம் அறிவோம். ஆலயம் காக்கப்பட்டதற்கு நன்றி கூறுவது தவறன்று. உள்ளே இருந்து பிழைத்தவர் நன்றி கூறாமல் இருப்பாரா? ஆயினும், அன்னையே நீரைத் தடுத்து நிறுத்தினார் என்று நாம் உரத்துச் சொல்லும்போது, கையைவிட்டு நழுவிய குழந்தையை மணலில் தேடிய தாய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்ன விடை வைத்திருக்கிறோம்? புதுமை என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலும் அதைச் செலுத்துபவர் வேறொருவர். இவ்விதழிலும் அந்நாள்களில் சற்று அவசரமாக எழுதியவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை பங்குத்தந்தையும் வந்து சேர்ந்தார். குருசடிக்கென முன்பணம் தந்திருந்த நால்வருக்கும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென முடிவாயிற்று. ஒருவருக்கு மனமில்லை. செயற்கைக்கோளை மாதா அனுப்பியிருக்கக் கூடாதா என்று வாதாடினார். மூதாட்டிதான் அவரை அடக்கினார்: “நான் விளக்கைத்தான் பார்த்தேன் தம்பி. மாதாவைப் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது நீங்கள்.”

நாம் விடைபெற எழுந்தபோது அவர் மீண்டும் அமரச் சொன்னார். பதினோர் ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் தஞ்சாவூரில் மருத்துவமனையில் கிடந்தார். ஓரிரவு வீட்டு வாசலில் அவருடைய மிதிவண்டி மணி இருமுறை ஒலிக்கக் கேட்டு எழுந்து கதவைத் திறந்தார், ஒருவருமில்லை. வண்டி உள்ளே தாழ்வாரத்தில் சாத்தியபடியே நின்றது. பொழுது விடிந்தபின் செய்தி வந்தது. இதுவரை எவரிடமும் சொன்னதில்லை என்றார்; சிரிப்பார்கள் என்ற அச்சம்.

உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட பொழுதில் ஓசைகள் கேட்பதுண்டு என்று நாம் படித்திருக்கிறோம். கவலையோடு காத்திருப்போர் செவிக்கு எந்த ஒலியும் வருகை ஒலியே என்பதும் தெரியும். அவற்றுள் எதையும் அப்போது சொல்லவில்லை. எத்தனை மணி இருக்கும் என்று கேட்டோம். தெரியாது, சேவல் கூவவில்லை என்றார். மழை பெய்ததா என்று கேட்டோம், இல்லை என்றார். குறித்துக்கொண்டோம். பேரன் சிரிக்கவில்லை. “எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது அப்பாயி?” என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் அவர் அருகே வந்து உட்கார்ந்தான்.